வெட்சி முதல் கரமோஜா வரை: ஆநிரைப் பூசலும் முன்னறிவிப்பும்



பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவரப்பட்ட ஆநிரையை மீட்பது கரந்தை. தமிழ் இலக்கியம் பயிலும் நம் மாணவர்கள் இவ்விரு வரையறைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பர். சூடிய பூ எது, எந்தத் திணைக்குப் புறன் எது என்பனவும் அவர்களுக்கு மனப்பாடம். தேர்வுக்கு அது போதும். ஆனால், ஆநிரையைப் பறிகொடுத்த ஊராருக்கு அது நிகழப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் அந்தப் போர் நடந்திருக்குமா? இக்கேள்விகளைப் பாடக்குறிப்புகள் எழுப்புவதில்லை. அவை வீரத்தைச் சொல்லி முடித்துக்கொள்கின்றன.

ஆநிரை கவர்தல் ஏட்டில் உறங்கும் பழங்கதை அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் உகண்டா, கென்யா, எத்தியோப்பியா, தென்சூடான் ஆகிய நான்கு நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் வறண்ட நிலத்தில் அது இன்றளவும் நடந்துவருகிறது. அங்கு அதனைத் தடுக்க, நடக்குமுன்னரே அறிந்து சொல்லும் ஓர் அமைப்பினை அண்டை நாடுகள் கூடி உருவாக்கின. அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, நம் வெட்சித்திணையை வேறொரு கண்கொண்டு பார்க்க நேர்ந்தது. அதனையே இப்பதிவில் எழுதுகிறேன்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு மாடு எதற்கு என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் உண்டு. அதற்கும் அப்பால், நம் பெற்றோர் தலைமுறையில் காப்பார், கேரித் தீவு வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்புறம் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த குடும்பங்கள் பல. காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் மாடு மேய்த்தனர். சம்பளம் சோற்றுக்கு என்றால், பால் விற்ற பணம் பிள்ளைகளின் படிப்புக்கு. மாடு அடுத்தவர் மரக்கறித் தோட்டத்தில் நுழைந்துவிட்டால் இரு வீட்டாருக்கும் பல நாள் பேச்சு இராது. செம்பனைக் கன்றைக் கடித்துவிட்டால் கிராணியிடமிருந்து ஆள் வரும். மாட்டின் கழுத்தில் மணி கட்டியது அழகுக்காக மட்டுமன்று. மாடு வருகிறது என்பதை அண்டை வீட்டாருக்கு முன்னரே அறிவிப்பதற்காகவும்தான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இனி, தொல்காப்பியத்திற்கு வருவோம். புறத்திணையியலில் வெட்சியின் துறைகளாகத் தொல்காப்பியர் பதினான்கினைக் கூறுகிறார். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு கொள்ளையின் தொடக்கம் முதல் முடிவு வரையிலான நடைமுறை தெளிவாகத் தெரியும். முதலில் படை புறப்படும் ஆரவாரம். அடுத்து விரிச்சி, அதாவது, பாக்கத்தில் நின்று தற்செயலாக யாரேனும் பேசும் சொல்லை நிமித்தமாகக் கொண்டு, போகலாமா கூடாதா என்று முடிவு செய்தல். பிறகு, பக்கத்தில் உள்ளோர் அறியாதவாறு செல்லுதல். அதன்பின் ஒற்றர் சென்று அறிந்துவந்த செய்தியாகிய வேய். ஆநிரை எங்கே நிற்கிறது, காவலர் எத்தனை பேர் என்பதெல்லாம் இந்த வேயில் அடங்கும். இவற்றுக்குப் பின்னரே ஊர்கொலையும், ஆநிரையைக் கைப்பற்றும் ஆகோளும் வருகின்றன. இறுதியில் கொண்டுவந்த ஆநிரையைப் பங்கிடும் பாதீடு, கள்ளுண்டு மகிழும் உண்டாட்டு, இல்லாதார்க்கு வழங்கும் கொடை.

இவ்வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். முன்னறியும் கருவிகள் அனைத்தும் கொள்ளையிடச் செல்வோரிடமே இருக்கின்றன. நிமித்தம் பார்ப்பவர்கள் அவர்கள். ஒற்று விடுபவர்கள் அவர்கள். நேரம் குறிப்பவர்களும் அவர்களே. ஆநிரைக்கு உரியவர்களுக்கு என்ன இருக்கிறது? பூசல் ஒன்றுதான். மாடு போன பிறகு எழும் கூக்குரல் அது. 'பூசல்' என்ற சொல்லுக்குப் பேரொலி என்றும் பொருள். போர் என்றும் பொருள். கூக்குரல் எழுந்தால் அடுத்த கணம் போர்தான் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே பேசித் தீர்க்க இடமே இல்லை.

மகாபாரதத்தில் விராட நகரின் ஆநிரையைக் கௌரவர் கவர்ந்த கதையை நம் கோவில்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அங்கும் ஆயர் தலைவன் அரண்மனைக்கு ஓடிவந்து செய்தி சொல்வது ஆநிரை போன பின்னர்தான்.

இலக்கியத்தை விட்டுக் கல்லுக்கு வந்தாலும் இதே நிலைதான். 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்-பிராமி எழுத்துகள் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழகத்தின் மிகப் பழைய நடுகற்களாக அவை மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில் இறந்துபட்ட தீயன் அந்தவன் என்பவனுக்காக எடுக்கப்பட்டது. தொல்காப்பியத்தில் நாம் படிக்கும் அதே 'ஆகோள்' என்ற சொல் கல்லிலும் இருக்கிறது. இலக்கணச் சொல் என்று நாம் எண்ணியிருந்தது, ஒருவன் உயிர்விட்ட நிகழ்ச்சியின் பெயராகவே வழங்கியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களும் தொறு கொண்டபோது பட்டான், தொறு மீட்டுப் பட்டான் என்றே பெரும்பாலும் பேசுகின்றன. தொறு என்பது மாட்டு மந்தை. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஒரு தாய், ஒரு மனைவி, தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்திருப்பர். கல் அவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இக்கற்களுள் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் காலத்தைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும்போது உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னவுடன் வகுப்பில் உறங்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். அந்த ஊரில் கள்வர் வரவை முதலில் அறிந்தது அந்த நாயாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். கரமோஜா என்பது உகண்டாவின் வடகிழக்குப் பகுதி. அங்குக் கரமோஜோங் மக்களும், எல்லைக்கு அப்பால் கென்யாவில் துர்கானா, பொக்கொட் மக்களும், தென்சூடானில் தொப்போசா மக்களும், எத்தியோப்பியாவில் நியாங்கத்தோம், தசானெச் மக்களும் வாழ்கின்றனர். இவர்களுள் பலர் தம்முள் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியும் அளவுக்கு நெருங்கிய உறவினர். காலனி ஆட்சியாளர் வரைந்த எல்லைக்கோடுகள் இவர்களின் மேய்ச்சல் நிலங்களின் குறுக்கே ஓடுகின்றன. மழை பெய்த இடத்துக்கு மந்தையை ஓட்டிச் செல்வதே இவர்களின் வாழ்வு. பெண் எடுக்க மாடு கொடுக்க வேண்டும். மாடு இல்லாத இளைஞனுக்குத் திருமணம் இல்லை. எனவே, அண்டை இனத்தாரின் மாட்டைக் கவர்வது இளைஞனின் ஆண்மைக்கு அடையாளமாயிற்று. நம் வெட்சி மறவர்க்கும் இவர்க்கும் எவ்வளவு தூரம்?

வேல் பிடித்த காலத்தில் இப்பூசல்களில் உயிரிழப்பு ஓரளவோடு நின்றது. பெரியவர்கள் கூடி இழப்பீடு பேசி முடித்தனர். 1979-இல் உகண்டாவில் இடி அமீனின் ஆட்சி வீழ்ந்தபோது, மொரோட்டோ நகரின் படைமுகாமில் இருந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை மக்கள் அள்ளிச் சென்றனர். அன்றிலிருந்து நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. பிற்காலத்தில் வணிகர்களும் நுழைந்தனர். கவர்ந்த மாடுகள் சரக்குந்தில் ஏற்றப்பட்டுத் தொலைதூரச் சந்தைகளில் விற்கப்பட்டன. பாதீடும் இல்லை, கொடையும் இல்லை; வெறும் வாணிகம். ஊர்ப் பெரியவர்களின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போயிற்று. உகண்டா அரசு துப்பாக்கிகளைக் களைய 2001 முதல் முயன்றது. ஆயுதத்தை ஒப்படைத்த இனத்தாரை, ஒப்படைக்காத அண்டை இனத்தார் வந்து கொள்ளையிட்டனர். அரசின் சொல்லை நம்பியவனே முதலில் மாட்டை இழந்தான்.

இந்நிலையில்தான் 'இகாட்' எனப்படும் கிழக்கு ஆப்பிரிக்க அரசுகளின் கூட்டமைப்பு, 2002 ஜனவரியில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. மோதல்களை முன்னறிந்து செயற்படுவதற்கான ஒரு பொறிமுறையை அது நிறுவியது. அதன் சுருக்கப் பெயர் 'சீவார்ன்'. தலைமையகம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா. இகாட் அமைப்பே 1986-இல் வறட்சியை எதிர்கொள்ளத் தொடங்கப்பட்ட ஒன்றுதான். வறட்சிக்கு முன்னறிவிப்பு இருக்குமானால் பூசலுக்கும் இருக்கலாமே என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். பெரிய அரசியல் போர்களைத் தொட்டால் எந்த அரசும் ஒத்துழைக்காது என்பதாலும், மேய்ச்சல் பூசல் எல்லா நாட்டுக்கும் பொதுவான தலைவலி என்பதாலும், முதலில் அதனையே கையிலெடுத்தனர். கரமோஜாவும் சோமாலிய எல்லைப் பகுதியும் முதற்களங்கள் ஆயின.

அது வேலை செய்யும் முறை எளிமையானது. ஒவ்வொரு வட்டாரத்திலும் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் களக் கண்காணிப்பாளராக அமர்த்தப்படுகிறார். அவர் ஒற்றர் அல்லர். மறைந்து நின்று கேட்பதில்லை. ஊரில் எல்லோர் கண்ணுக்கும் படுவதையே எழுதுகிறார். கொள்ளையோ கொலையோ நடந்தால் ஒரு நிகழ்வறிக்கை. எதுவும் நடக்காவிட்டாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு நிலைமை அறிக்கை. இந்த இரண்டாவதுதான் முக்கியமானது. ஏறக்குறைய ஐம்பது கேள்விகளுக்கு அதில் விடை எழுத வேண்டும். சந்தை வழக்கம்போல் கூடியதா? வழக்கமில்லாத வகையில் பெண்களும் குழந்தைகளும் மட்டும் தனியே இடம்பெயர்ந்தனரா? தோட்டாக்கள் பண்டமாற்றுப் பொருளாகக் கைமாறுகின்றனவா? இரு இனத்தார் கூடிப் பேசினரா? மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கிறது? இவை நாட்டின் ஒருங்கிணைப்பாளர் வழியாக அடிஸ் அபாபாவுக்குச் சென்று கணினியில் ஏறும். காலப்போக்கில், எந்தக் குறிகள் சேர்ந்து தோன்றினால் அடுத்து என்ன வரும் என்பது புலப்படத் தொடங்கும்.

அந்தக் கேள்விகளுள் இரண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

ஒன்று, கொள்ளைக்குப் புறப்படுமுன் பெறும் வாழ்த்து. இவ்வினத்தாரில் நிமித்தம் கூறுவோர் உண்டு. ஆட்டை அறுத்து அதன் குடலைப் பார்த்து, போகும் காரியம் கைகூடுமா என்று சொல்வர். பெரியோர் இளைஞரை வாழ்த்தி அனுப்புவர். நம் விரிச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளையிடச் செல்பவனுக்கு எது நற்குறியோ, அதையே காப்பாற்ற விரும்புபவன் அபாயக் குறியாகப் படிக்கிறான். வாழ்த்துச் சடங்கு நடந்தது என்று ஒருவர் எழுதி அனுப்பினால், புறப்பாட்டுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது என்று பொருள். அந்தச் சில நாட்களே பேசித் தீர்ப்பதற்கான காலம். வெட்சியின் பதினான்கு துறைகளில் ஆகோளுக்கு முன் வருபவை எல்லாமே இப்படிப்பட்ட கால இடைவெளிகள்தாம்.

மற்றொன்று, மாணவர் வருகை தடைப்படுதல். ஆம், பள்ளி வருகைதான். பிள்ளைகள் திடீரெனப் பள்ளிக்கு வராமல் போனால், அது பூசல் நெருங்குவதன் குறிகளுள் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. பெரியவர்கள் வெளியே வாய் திறக்கமாட்டார்கள். ஆனால், தம் பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். நாம் நாள்தோறும் காலையில் சலிப்போடு நிரப்பும் வருகைப் பதிவேடு, உலகின் ஒரு மூலையில் உயிர் காக்கும் ஆவணமாகக் கருதப்படுகிறது என்பதைப் படித்தபோது, சிறிது நேரம் அந்தப் பக்கத்தைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

பசியும் வறட்சியும் மிகும்போதுதான் கொள்ளை மிகும் என்று நாம் எண்ணுவோம். சீவார்ன் திரட்டிய கரமோஜா அறிக்கைகளைக் கொண்டு மேயர், பாண்ட் முதலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, பசுமை மிகுந்த காலமும் திட்டமிட்ட கொள்ளைகளும் தொடர்புடையனவாக இருக்கலாம் என்று காட்டியது. வடகென்யாவின் மர்சாபித் பகுதியை ஆராய்ந்த வேறிருவரும், வறண்ட ஆண்டுகளைவிட மழை பெய்த ஆண்டுகளிலேயே வன்முறை மிகுதி என்று 2009-இல் எழுதினர். புதர் வளர்ந்தால் மறைவிடம் கிடைக்கும். கொழுத்த மாடு நெடுந்தூரம் ஓடும். வறட்சியிலோ, எஞ்சிய ஒரு கிணற்றைப் பங்கிட்டுக்கொள்ள எல்லாரும் எல்லாரோடும் பேசித்தான் ஆக வேண்டும். மறைவாக நிகழ்வதாலும், மலைக்காட்டைச் சார்ந்து இரவில் நிகழ்வதாலும் வெட்சி குறிஞ்சிக்குப் புறனாயிற்று என்று உரையாசிரியர்கள் கூறும் விளக்கம் எனக்கு இங்கு நினைவுக்கு வந்தது. அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. பூசலைத் தூண்டும் செயல்கள் பெருகி, அதே வேளையில் அமைதி முயற்சிகளும் கொடுக்கல் வாங்கலும் குறையும்போதே கொள்ளைகள் பெருகின.

இவ்வளவும் தெரிந்த பின்னர் பூசல் நின்றுவிட்டதா? இல்லை. 2005 ஜூலை 12-ஆம் நாள் காலை, வடகென்யாவின் துர்பி என்ற சிற்றூருக்குள் ஆயுதம் தாங்கியோர் நுழைந்தனர். கப்ரா இனத்தாருக்கும் போரானா இனத்தாருக்கும் இடையே அதற்கு முன்பே கால்நடைத் திருட்டும் பழிவாங்கலுமாக மாதக்கணக்கில் பகை முற்றிக்கொண்டிருந்தது. அன்று கொல்லப்பட்டோருள் 22 பேர் பள்ளிச் சிறார். துர்பியின் தொடக்கப்பள்ளியும் தாக்குதலுக்கு உள்ளானது. ஆசிரியர் என்ற முறையில் இதற்கு மேல் இந்நிகழ்ச்சியை விரித்தெழுத எனக்கு மனம் வரவில்லை.

குறிகள் இல்லாமல் எந்தப் பூசலும் வருவதில்லை. ஆனால், குறியைக் கண்டவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். படையும் வண்டியும் பணமும் தலைநகரில் இருக்கின்றன. செய்தி மேலே போய், ஆராயப்பட்டு, ஆணையாகத் திரும்பி வருவதற்குள் மாடு எல்லை கடந்துவிடுகிறது. சீவார்ன் அமைப்பின் முதற்பெரும் குறையாக அதன் அலுவலர்களே உணர்ந்தது இதைத்தான். எச்சரிக்கை வந்தது, எதிர்வினை வரவில்லை. இதனால்தான் 2009-இல், ஊர் மட்டத்திலேயே உடனடியாகச் செலவிடுவதற்கென ஒரு விரைவு எதிர்வினை நிதியை ஏற்படுத்தினர். எச்சரிக்கை சொல்லியும் யாரும் வராத ஊரில், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள் அல்லவா?

அரசுகள் கூடுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இதனைச் சரியாகச் செய்துகாட்டியவர்கள் சில பெண்கள். கென்யாவின் வஜீர் மாவட்டத்தில் 1992 அளவில் சோமாலியக் குலங்களுக்கிடையே கடும் பூசல் மூண்டிருந்தது. ஒரு திருமண வீட்டில் கூடிய பெண்கள், இப்படியே விடுவதா என்று பேசத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் டெக்கா இப்ராகிம் அப்டி. அவர்கள் முதலில் சென்ற இடம் அரசு அலுவலகம் அன்று, சந்தை. எந்தக் குலத்துப் பெண்ணும் அச்சமின்றி வந்து வாங்கவும் விற்கவும் முடியவேண்டும் என்று அங்கு நின்று கவனித்தனர். பால் விற்க வருபவளை வேறு குலத்தாள் என்று யாராவது ஒதுக்கினால், அன்றே அதனைப் பேசித் தீர்த்தனர். பிறகு குல மூப்பர்களையும் இளைஞரையும் ஒவ்வொருவராக இழுத்தனர். மூப்பர்கள் 1993-இல் ஓர் அமைதி உடன்பாட்டுக்கு வந்தனர். பெண்கள், மூப்பர், சமயத் தலைவர், காவல்துறையினர் ஆகியோரைக் கொண்ட ஒரு குழு, எங்கிருந்து செய்தி வந்தாலும் உடனே அங்கு விரைந்தது. 1995-இல் அது மாவட்ட நிருவாகத்தின் ஓர் அங்கமாகவே ஏற்கப்பட்டது. டெக்கா 2007-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் வாழ்வுரிமை விருதினைப் பெற்றார், 2011-இல் மறைந்தார். இங்குச் செய்தியை அறிந்தவரும் விரைந்து செல்பவரும் ஒரே ஊரார். வெற்றிக்குக் காரணம் அதுவே என்பது என் கருத்து.

நம் தமிழினத்தின் மேய்ச்சல் நிலத்திலேயே இன்றைக்கும் ஓர் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவனை என்னும் மேய்ச்சல் தரைகள் உள்ளன. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பண்ணையாளர்கள் தம் மாடுகளைக் கொண்டுசெல்லும் நிலம் அது. வெளியிலிருந்து வந்து அங்குப் பயிர்செய்யத் தொடங்கியவர்களுக்கும் பண்ணையாளர்களுக்கும் பிணக்கு மூண்டது. மாடுகள் சுடப்பட்டும் வெட்டுப்பட்டும் இறந்தன. 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கினர். கூக்குரல் போராக மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அவர்கள் சாலையோரத்தில் அமர்ந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கேட்டது பதில் மட்டும்தான்.

ஆநிரைக்கும் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இப்போது தொடர்பில்லை. ஆனால், குறிகளுக்கு உண்டு. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த வன்செயலில் ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். ஒரு திருமண வீட்டுக்கும் ஒரு துக்க வீட்டுக்கும் இடையே எழுந்த பிணக்கு என்றே அதன் தொடக்கம் சொல்லப்பட்டது. வஜீரில் ஒரு திருமண வீட்டில் அமைதி தொடங்கியது, இங்கு நேர்மாறு. மலிவு விலை வீடுகளும் புறம்போக்குக் குடியிருப்புகளும் நெருக்கியடித்து நின்ற அவ்வட்டாரத்தில் வறுமையும் நெரிசலும் நெடுநாளாகவே இருந்தன. அதன்மேல் வதந்தி விழுந்தது. நம் நாட்டில் 1975 முதலே ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பு இருந்துவருகிறது; பின்னாளில் சமூக நடுவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. அவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், குடியிருப்பில் முறுகல் தோன்றினால் அதனை முதலில் அறியக்கூடியவர்களுள் வகுப்பாசிரியரும் ஒருவர். எந்தப் பிள்ளை யாரோடு அமர மறுக்கிறான், எந்தப் பிள்ளை மூன்று நாளாக வரவில்லை என்பது வேறு யாருக்குத் தெரியும்? அதனை யாரிடம் சொல்வது, சொன்னால் யார் வருவார் என்பதற்கு நம் பள்ளிகளில் தெளிவான விடை இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாம்.

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு பயிற்சியையும் இங்குக் குறிப்பிடுகிறேன். வெட்சித் துறைகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி மாணவர் குழுக்களிடம் கொடுத்து, நிகழும் வரிசைப்படி அடுக்கச் சொல்லலாம். அடுக்கிய பிறகு ஒவ்வோர் அட்டையிலும், 'இந்நேரத்தில் இதனை யார் பார்த்திருப்பார்? யாரிடம் சொல்லியிருக்கலாம்?' என்று எழுதச் சொல்ல வேண்டும். விரிச்சிக்கு நின்ற இடத்தில் தண்ணீர் எடுக்க வந்த பெண் பார்த்திருப்பாள் என்று ஒரு குழு எழுதியது. ஒற்றனுக்கு வழி சொன்ன இடைச்சிறுவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பான் என்று மற்றொரு குழு. வரிசையும் அவர்களுக்கு மறக்கவில்லை. தேர்வில் அதற்கும் பயன்பட்டது. நேரம் இருந்தால் கரந்தையையும் இதேபோல் செய்யலாம். தொல்காப்பியர் கரந்தையை வெட்சியுள் அடக்கினார் என்பதையும், புறப்பொருள் வெண்பாமாலையில் அது தனித்திணையாக உள்ளது என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; மாணவர் இவ்விடத்தில் அடிக்கடி குழம்புகின்றனர்.

ஆண்டிறுதி விடுமுறையில் திருவண்ணாமலைக்குச் செல்லும் அன்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். கோவிலும் கிரிவலமும் முடிந்த பின் ஒரு பகல் மிச்சமிருந்தால், மேற்கே செங்கம் செல்லும் சாலையில் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். வயல்வெளிகளிலும் ஊரோரங்களிலும் நடுகற்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. சிலவற்றுக்கு ஊரார் இன்றும் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.